அவுல்தார் சாமிக்கு விழுந்த ஓட்டு

எங்கள் ஊர் மேட்டுக்கொல்லையில் திம்மராயன் என்கிற பட்டாளத்துக்காரருக்குக் கருமாதி நடந்து, மொட்டை போட வேண்டியவர்கள் போட்டு, அழ வேண்டியவர்கள் அழுது, ஆற்றோரம் அவருக்குக் கல் நட்டு, அந்தக் கல்லுக்குக் கிடா வெட்டி, அது சாமியாகி, சாமி இரண்டு பேருக்குப் பிள்ளை வரமும் ஒருவருக்குத் தொலைந்துபோன எருமையும் கொடுத்து நல்ல பெயர் வாங்கி முடித்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் திம்மராயனே தகரப்பெட்டியும் தோளுமாக பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார்.

அவர் பட்டாளத்துக்குப் போனதே ஒரு கூத்து. சந்தைக்கு மாடு விற்கப் போனவர், அங்கே வெள்ளைக்காரத் துரை ஒருவன் நாடாவை வைத்துக்கொண்டு வருகிறவன் போகிறவன் மார்பையெல்லாம் அளப்பதைப் பார்த்து, தனக்கு முன்னால் நின்றவனின் மார்பு பற்றாது என்று துரை தள்ளிவிட்டதையும் பார்த்து, என் மார்பு பற்றுமா பாருங்கள் என்று சட்டையைக் கழற்றி நின்றார். பற்றியது. சாயங்காலம் மாடு மட்டும் தனியாக வீடு வந்து சேர்ந்தது. கல்யாணமாகி ஒரு பொங்கல்கூடக் கழியாத அவர் மனைவி கெம்பம்மா, புருஷனைத் திட்ட வேண்டியதையெல்லாம் மாட்டைத் திட்டிவிட்டுத் தண்ணீர் காட்டினாள்.

பர்மாவில் சண்டை நடந்தது, அவர் அவில்தார் ஆனார், எங்கள் வாயில் அது அவுல்தார் ஆனது, பிறகு அவர் செத்துப்போனதாகத் தந்தி வந்தது. எங்கள் பக்கத்தில் சண்டையில் செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிடுவது வழக்கம்; புலியோடு சண்டை போட்டவன், மாடு திருட வந்தவனோடு சண்டை போட்டவன் எல்லோரும் பக்கத்து ஊர்களில் கல்லாக நிற்கிறார்கள். எங்கள் ஊருக்கு மட்டும் அப்படி ஒரு யோகம் இல்லை. எங்கள் ஆட்கள் காய்ச்சலில் செத்தார்கள், வயசாகிச் செத்தார்கள், வரப்புத் தகராறில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு செத்தார்கள், இது எதுவும் கல் கணக்கில் சேராது. ஆகவே தந்தியைப் படித்து அழுது முடித்ததும் எங்களுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, இதை மறைப்பானேன். ஆட்டுக்கல் அம்மிக்கல் கொத்துகிற ஓபையாவைக் கூப்பிட்டு அவுல்தாரைச் செதுக்கச் சொன்னோம். துப்பாக்கியைக் கண்ணால் பார்த்திராத ஓபையா தன் அறிவுக்கு எட்டியபடி செதுக்க, அவுல்தார் சாமி கையில் உலக்கையோடு நின்றார்.

அந்த நேரத்தில் பர்மாக் காட்டில், கூட வந்தவர்களையெல்லாம் தொலைத்துவிட்டு மூங்கில் குருத்தைக் கடித்துக்கொண்டு கிடந்த திம்மராயனின் நாக்கில் திடீரென்று ஆட்டு ஈரல் வறுவலின் ருசி வந்தது. கொஞ்ச நேரத்தில் வயிறு நிறைந்து ஏப்பமும் வந்தது. அன்றிலிருந்து கல்லுக்கு நாங்கள் படைத்ததெல்லாம் அவர் வயிற்றுக்குப் போயிற்று. அதைத் தின்றுதான் காட்டைக் கடந்தேன் என்று அவரே சொன்னார்.

"வெள்ளிக்கெழமையானா பொங்கலு, அமாவாசையானா கறி. ஒரு கொறையும் சொல்ல முடியாது. உப்புதான் கொஞ்சம் கம்மி."

இதைக் கேட்டு ஊரில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அவ்வளவு தூரத்துக்குப் படையல் விலாசம் தப்பாமல் போய்ச் சேர்ந்ததே என்று சந்தோஷப்பட்டோம். பூசாரி சிக்கண்ணனுக்கு மட்டும் உப்பைச் சொன்னது சுருக்கென்றிருந்தது.

இப்போது ஆள் ஒன்று, கல் ஒன்று, இரண்டும் ஊரில் இருக்கின்றன, என்ன செய்வது என்று பஞ்சாயத்து கூடியது. கல்லைப் பிடுங்கிவிடலாம் என்று யாரோ சொன்னதும் சிக்கண்ணன் துண்டை உதறி எழுந்தார்.

"நட்டது நட்டதுதான். செத்துட்டாருன்னு தந்தி குடுத்தது யாரு? சர்க்காரு. சர்க்காரு பொய் சொல்லுமா?"

"அப்ப நான் யாரு, சிக்கண்ணா?" என்று கேட்டார் அவுல்தார்.

"நீங்களும் இருந்துட்டுப் போங்கண்ணா. ஒங்கள யாரு வேணாங்கறது?"

அப்படியே முடிவாயிற்று. கெம்பம்மாவுக்கு மறுபடி தாலி கட்ட வேண்டுமே என்று, ஊர் வழக்கப்படி சாமி முன்னால் வைத்துக் கட்டினார்கள். மாப்பிள்ளை கல்லைக் கும்பிட்டுவிட்டுத் தாலி கட்ட, கல்லுக்குப் போட்ட மாலையின் கனத்தில் மாப்பிள்ளையின் கழுத்து குனிய, யார் யாரை ஆசீர்வதித்தார்கள் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை, சாப்பாடு நன்றாக இருந்தது.

கல்லுக்கு எண்ணெய் தேய்த்தால் அவுல்தார் வீட்டில் உட்கார்ந்தபடி மினுமினுத்தார். மஞ்சள் பூசினால் மஞ்சளானார். கல்லிடம் வேண்டிக்கொண்டு நடக்காதவர்கள் நேராக அவர் வீட்டுக்கு வந்து, "ஒன் கல்லுகிட்ட சொல்லி எத்தன மாசம் ஆவுது, காதுல வாங்கனியா இல்லியா?" என்று சண்டை பிடித்தார்கள். பட்டாளத்தில் பழகியவர் அல்லவா, வந்தவர்களை வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முடிந்ததைத் தாசில்தாரிடம் போய்ப் பேசி முடித்துக் கொடுத்தார். பிள்ளை வரம் கேட்டவர்களை மட்டும் கல்லிடமே திருப்பி அனுப்பினார். தேர்தலுக்கு ஆள் தேடிக்கொண்டு ஜீப்பில் வந்த கட்சிக்காரர்கள், ஒரு வீட்டு வாசலில் இவ்வளவு பெரிய வரிசை நிற்பதைப் பார்த்து, அங்கேயே இறங்கி அவரை வேட்பாளர் ஆக்கிவிட்டார்கள்.

அவுல்தார் ஒரே ஒரு வாக்குக் கொடுத்தார். ஆற்றை மறித்து ஏரி கட்டித் தருவேன் என்றார். எங்கள் ஊர் ஆறு மழைக்காலத்தில் எங்கள் கண்ணெதிரே கரைபுரண்டு ஓடி எவனுக்கோ நெல் விளைவித்துவிட்டு, மாசி பிறந்தால் மணலைக் காட்டிக்கொண்டு படுத்துவிடும். கோடையில் எங்கள் வீட்டுப் பெண்கள் ஊற்றுத் தோண்டி, தேங்காய்த் தொட்டியால், அதுதான் கொட்டாங்கச்சியால், தண்ணீர் மொண்டு, குடம் நிறையப் பொழுது சாயும். ஏரி என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் ஓட்டுச்சாவடி மறைவுக்குள் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப்பெட்டி இருக்கும், பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். உண்டியலில் போடுவதுபோல நாங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டோம். ஒவ்வொரு சீட்டு விழும்போதும் வீட்டில் அவுல்தாருக்கு ஒரு கவளம் இறங்கியது. பொழுது சாய்வதற்குள் கோட்டுப் பொத்தான்கள் தெறித்து, எழுந்திருக்க முடியாமல் சுவரில் சாய்ந்து கிடந்தார். ஓட்டும் படையல்தான், எல்லாப் படையலிலும் பெரிய படையல் அதுதான் என்று அன்று எங்களுக்குத் தெரிந்தது. கெம்பம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே, "ஜெயிச்சுட்டீங்க, போங்க" என்றாள்.

பட்டணத்தில் அவர் சட்டசபைக்குப் போன புதிதில் மதுவிலக்கைப் பற்றிப் பேச எழுந்தார். ஏழைக் குடியைக் கெடுக்கிற விஷம் என்று அவர் கையை ஓங்கிச் சொன்ன அதே நேரம், இங்கே எருது விடும் விழாவில் முதலாவதாக வந்த எருதின் சொந்தக்காரன், எங்கேயோ ஒளித்துக் காய்ச்சிய சாராயத்தை நன்றிக்கடனாகக் கல்லின் தலையில் முழு பாட்டிலும் கவிழ்த்தான். அங்கே அவுல்தாரின் நாக்கு குழறியது. எதிர்க்கட்சித் தலைவரைப் பார்த்து மச்சான் என்றார். விவசாய மந்திரியைக் கட்டிப்பிடித்து, தான் சந்தைக்கு ஓட்டிப்போன மாட்டை நினைத்துக் கண்ணீர் விட்டார். சபை ரகளையானது. உறுப்பினர்களில் ஒரு டாக்டர் எழுந்து வந்து அவர் வாயை முகர்ந்து பார்த்து, வாசனை இல்லை என்று சத்தியம் செய்தார். வாய் வழியாகப் போகாத சாராயத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் சொல்லப்படவில்லை என்று சபாநாயகர் தீர்ப்புச் சொல்லி, அவரைக் காற்றோட்டமான இடத்தில் உட்கார வைக்கச் சொன்னார். அடுத்த வாரம் ஊருக்கு வந்து அவர் போட்ட சத்தத்தில், சபை கூடுகிற நாட்களில் சாமிக்குச் சைவப் படையல் மட்டும்தான் என்று பஞ்சாயத்தில் தீர்மானம் ஆயிற்று.

ஏரிக்கு அளவெடுக்க இன்ஜினீயர் வந்தார். வரைபடத்தை மாட்டுவண்டி மேல் விரித்து, கரை இங்கே வரும், மதகு இங்கே வரும், தண்ணீர் இது வரைக்கும் நிற்கும் என்று பென்சிலால் காட்டினார். நாங்கள் பென்சில் போன பக்கமெல்லாம் தலையை ஆட்டினோம். சிக்கண்ணன்தான் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சாமி கல்லு எங்கங்க வருது?"

"எந்தக் கல்லு? ஆத்தோரம் ஒலக்கையோட நிக்குதே, அதுவா? அங்க ரெண்டு பனை ஆழம் தண்ணி நிக்கும்."

நாங்கள் தலையாட்டுவதை நிறுத்தினோம். "அது ஒரு பிரச்சனையா?" என்றார் இன்ஜினீயர். "பேத்தெடுத்து மேட்டுல வச்சிடுங்க."

சரி என்று எங்கள் இளவட்டங்கள் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். கல் அசைந்து ஒரு சாண் மேலே வந்தது. பட்டணத்தில், மீன் வளர்ப்பைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்த சபையில், அவுல்தார் நாற்காலியை விட்டு ஒரு சாண் மேலே எழும்பி அந்தரத்தில் நின்றார். பேசத்தான் எழுந்திருக்கிறார் என்று நினைத்துச் சபாநாயகர் அனுமதி கொடுத்துவிட்டார். கிடைத்த சந்தர்ப்பத்தை விடுகிறவரா அவர்? மேட்டுக்கொல்லை ஏரியைப் பற்றி, வலியில் கண்ணீர் வழிய, அந்தரத்தில் நின்றபடியே பேசினார். இவ்வளவு உயரமான உறுப்பினர் இவ்வளவு உருக்கமாகக் கேட்கும்போது எப்படி மறுப்பது என்று அன்றே ஏரிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அவர் கால்கள் இரண்டும் வேரறுந்த செடிபோலத் துவண்டுபோய், ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊருக்கு ஆள் வந்து சொல்லி, நாங்கள் பதறிக் கல்லைப் பழையபடி இறக்கி மண் போட்டு மிதித்த பிறகுதான் அவருக்கு நடை வந்தது. கல்லை நகர்த்தும் பேச்சு அதோடு முடிந்தது.

அந்த ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் கல்லின் தாடை வரை ஏறியது. அவுல்தார் வீட்டுக்குள், சொட்டு ஒழுகாத கூரையின் கீழ், கட்டிலில் உட்கார்ந்து தாடையைத் தூக்கிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். செம்மண் தண்ணீராக இருமினார். கெம்பம்மா அவர் தலையை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளம் வடிகிற வரைக்கும் கையை எடுக்காமல் நின்றாள். கடைசி இருமலில் ஓர் அயிரைக் குஞ்சு வந்து விழுந்து துள்ளியது. அவள் அதை எடுத்துச் சொம்புத் தண்ணீரில் விட்டாள், விட்டுவிட்டு, முதன்முதலாகச் சத்தம் போட்டு அழுதாள். தாடை வரைக்கும் வந்ததற்கே இப்படி என்றால், இரண்டு பனை ஆழத்துக்கு என்ன ஆகும் என்று சொல்ல ஒருவரும் தேவைப்படவில்லை.

"ஏரி வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள்.

"வாக்குக் குடுத்திருக்கன், கெம்பம்மா. நான் பட்டாளத்துக்காரன். ஏற்கெனவே ஒரு தடவ செத்தவன். ரெண்டாவது தடவ சுலுவா இருக்கும்."

இதை அவர் மனைவியிடம் சொன்னதோடு நிறுத்தவில்லை. டீக்கடையில் சொன்னார், மேடையில் சொன்னார், கரைக்கு மண் சுமந்தவர்களிடம் சொன்னார். மீசையைத் தடவிக்கொண்டு அவர் சொல்லும்போது எங்களுக்கு மயிர்க்கூச்செறியும். நாங்கள் கைதட்டினோம். ஏரி வேண்டாம் அவுல்தாரே, நீங்கள் இருந்தால் போதும் என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாங்கள் நல்லவர்கள்தான், ஆனால் எங்கள் வீட்டுப் பெண்கள் அப்போதும் தேங்காய்த் தொட்டியால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

கரை எழும்பி, மதகு நின்று, அடைப்பலகை இறக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி என்ற நிலையில் அடுத்த தேர்தல் வந்தது. தேர்தல் முடிந்ததும் பலகை இறங்கும் என்று அறிவித்தார்கள். கெம்பம்மா சிக்கண்ணப் பூசாரியின் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணா, ஒரு சாமிய மறுபடி கல்லாக்கணும்னா என்னா பண்றது?"

சிக்கண்ணனை இதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து யோசித்தார். அவருடைய பிழைப்பே அந்தக் கல்தான் என்பதும் அவர் யோசனையில் இருந்திருக்கும். ஆனாலும் நியாயமாகவே சொன்னார்.

"படைக்கிறவன் இருக்கற வரைக்கும் சாமி, தங்கச்சி. ஊருல ஒருத்தன்கூட இல்லன்னு ஆயிட்டா அது வெறுங்கல்லு."

அன்றைக்கே சிக்கண்ணன் படையலை நிறுத்தினார். ஊரும் சரி என்றது. ஆனால் பழக்கம் விடுமா? மாடு கன்று போட்டால் ஒருவர் சத்தமில்லாமல் சீம்பாலைக் கொண்டுபோய் வைத்தார், பெண்ணுக்குச் சம்பந்தம் கூடினால் இன்னொருவர் தேங்காயை உடைத்துவிட்டு ஓடி வந்தார். காலையில் அவுல்தார் விடுகிற ஏப்பத்தை வைத்துக் கெம்பம்மா கண்டுபிடித்துவிடுவாள், அந்த வீட்டு வாசலில் போய் நின்று திட்டிக் கிழித்துவிட்டு வருவாள். ஒரு வழியாக அதெல்லாம் நின்றது. பெரிய படையல் ஒன்றுதான் பாக்கி. ஓட்டு.

அவள் புடவை முந்தானையை இரண்டு கையாலும் விரித்து மடிப்பிச்சை ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"எம் புருசனுக்கு ஓட்டுப் போடாதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். ஒரு ஓட்டுகூட வேணாம், எனக்கு அவரு போதும்."

"அவருக்குப் போடாம வேற யாருக்கும்மா போடறது? அந்த ரைஸ்மில்காரனுக்கா?"

"அவனுக்குத்தான். கண்ண மூடிக்கினு போட்டுட்டு வாங்க."

எதிர்த்து நின்றவர் ரைஸ்மில் வரதராஜுலு. அவர் மில்லில் நெல் அரைத்தால் மூட்டையில் பாதி தவிடாகத் திரும்பும் என்பதால், அவருக்கு அவர் வீட்டிலேயே எத்தனை ஓட்டு விழும் என்று சந்தேகம் இருந்தது. தனக்காக எதிராளியின் மனைவியே மடியேந்தி வருவதைப் பார்த்து அவர் நெகிழ்ந்துபோய், தாம்பாளத்தில் பூவும் பழமும் புடவையும் வைத்து அனுப்பினார். கெம்பம்மா தாம்பாளத்தைத் தொடாமல் சொல்லியனுப்பினாள்: "ஒனக்கோசரம் நான் ஒண்ணும் பண்ணல. ஏரித் தண்ணிய ஒழுங்கா விடலன்னா, ஒன் மில்லு வாசல்ல வந்து நிப்பன்."

ஆக மேற்குத் தெருவில் அவுல்தார் மெடல்களைக் குத்திக்கொண்டு, மாட்டுவண்டியில் ஒலிபெருக்கி கட்டி, எனக்கே உங்கள் ஓட்டு என்று முழங்கிக்கொண்டு வருவார். கிழக்குத் தெருவில் கெம்பம்மா முந்தானையை விரித்துக்கொண்டு, அவருக்குப் போடாதீங்க என்று வருவாள். நாங்கள் அவருக்குக் கைதட்டி மாலை போட்டுவிட்டு, உடனே கொல்லைப்புறமாக ஓடி வந்து அவளுக்கும் தலையாட்டினோம். இரண்டு பேரும் ஒருநாள் பிள்ளையார் கோயில் முக்கில் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டார்கள். அவுல்தார் ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டதால் ஊர் முழுக்கக் கேட்டது.

"கட்சிக்குத் துரோகம் பண்ற நீ!"

"கட்சியா எனக்குத் தாலி கட்டுச்சு?"

"ஊரு தோக்கடிச்சா என் மானம் என்னாவறது? பர்மாவுலயே ஒரு அடி பின்னால வெக்காதவன் நான்!"

"மானத்த வெச்சிக்கினு தண்ணிக்கு அடியில என்னா பண்ணப் போறீங்க? நீங்க ஒங்க வேலையப் பாருங்க, நான் என் வேலையப் பாக்கறன். மழ வர்றாப்புல இருக்குது, தலையில துண்டு போட்டுக்கினு போங்க."

ஓட்டுப் போடுகிற அன்று அவுல்தார்தான் முதல் ஆள். சலவைச் சட்டை, மெடல்கள், முறுக்கிய மீசை. "என் ஓட்டு எனக்கே! செத்தாலும் பின்வாங்க மாட்டன்!" என்று வாசலில் நின்று அறிவித்துவிட்டு, அணிவகுப்பில் நடக்கிற நடையில் மறைவுக்குள் போனார். போனவர் வெளியே வரக் கொஞ்சம் நேரமாயிற்று. வயசாகிவிட்டது, சின்னம் கண்ணுக்குத் தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டோம். பிறகு நாங்கள் போனோம். அவர் பெட்டியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, எங்களுக்கு வரம் கொடுத்த சாமியை, எங்களுக்காக அந்தரத்தில் நின்று பேசியவரை விட்டுவிட்டு, வரதராஜுலு பெட்டியில் சீட்டைப் போட்டது லேசான காரியமில்லை. பலபேர் அழுதுகொண்டே போட்டார்கள். சிக்கண்ணன் வெளியே வந்து, கையைச் சாம்பல் போட்டுக் கழுவினார்.

தாலூகாப் பள்ளிக்கூடத்தில் வைத்து எண்ணினார்கள். கெம்பம்மா நடந்தே போய்ச் சொல்லியும் சில ஊர்க்காரர்கள் கேட்காததால், அங்கொன்றும் இங்கொன்றுமாக அவுல்தாருக்குச் சீட்டுகள் விழுந்திருந்தன. அது கிடக்கட்டும், கல் எங்கள் ஊர்க் கல், அது எங்கள் ஊர்ப் பெட்டியைத்தான் பார்க்கும் என்று சிக்கண்ணன் சொல்லியிருந்தார். எங்கள் ஊர்ப் பெட்டி வந்தது. வரதராஜுலுவின் பெட்டியில் சீட்டுகள் மூடியை முட்டிக்கொண்டு நின்றன. அவுல்தாரின் பெட்டியை அதிகாரி திறந்தார், உள்ளே பார்த்தார், கவிழ்த்தார், அடியில் தட்டினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மறுபடி பார்த்தார். ஒன்றுகூட இல்லை. அவுல்தார் விறைப்பாக நின்றபடி எதிரே சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெபாசிட் போச்சு!" என்று நாங்கள் கத்தினோம். ஜெயித்தவர்கள்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம். வாசலில் நின்றிருந்த கெம்பம்மாவிடம் ஓடிப்போய், ஒன்றுகூட விழவில்லை, பெட்டி சுத்தமாகக் காலி என்று சொன்னோம். "ஒண்ணுகூடவா?" என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை தாயே என்று சத்தியம் செய்தோம். அவள் எங்களோடு சேர்ந்து கத்தாமல் எதையோ யோசித்துக்கொண்டு நின்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். எங்கள் மண்டைக்கு அன்று அவ்வளவுதான் எட்டியது.

பலகை இறக்கிய அன்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கரை மேல் நின்றது. புது எம்.எல்.ஏ. வரதராஜுலு மாலையோடு நின்றார், அவரை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்தது கல்லையும் அவுல்தாரையும்தான். தண்ணீர் பரவி, கல்லின் பாதத்தைத் தொட்டது. கெம்பம்மா ஊர் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்புக்கு ஏறியது. அவர் வேட்டி காய்ந்தே இருந்தது. தாடைக்கு வந்தபோது பழக்கத்தில் அவர் தலையைத் தூக்கினார், அவளும் பழக்கத்தில் தாங்கிப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனாள். மூக்கு முங்கியது. நெற்றி முங்கியது. கொஞ்சம் நுரை சுழன்றது, பிறகு அந்த இடத்தில் ஏரிதான் இருந்தது. அவுல்தார் மூச்சை இழுத்தார், விட்டார், இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அவர் நெஞ்சுக்குள் காற்று மட்டும்தான் போய்வந்தது. கரை முழுக்க எழுந்த சத்தத்தில் கொக்குகள் கலைந்தன. சிக்கண்ணன் மண்ணில் விழுந்து கும்பிட்டார், யாரை என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கூட்டம் கலைந்து பெண்கள் குடத்தோடு தண்ணீரில் இறங்கிய பிறகும் அவர்கள் இரண்டு பேரும் கரையிலேயே நின்றார்கள். அவுல்தார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஊரு என்னைக் கை விட்டுடுச்சு, கெம்பம்மா" என்றார், கொஞ்சம் கம்பீரமாகவே.

"ஊருதான் போடல, சரி" என்றாள் அவள். "பெட்டியில ஒண்ணுகூட இல்லியாமே. நீங்க யாருக்குப் போட்டீங்க?"

அவர் ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது.

"ஓட்டு ரகசியம்" என்றார். "வெளிய சொல்லக் கூடாது. சட்டம் இருக்குது."

கெம்பம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, அழுகையையும் அடக்கப் பார்த்தாள், அதுவும் முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சட்டம்னா சரிங்க" என்றாள்.